கோபாலை வந்து எடுத்துப் போகவும்

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு,

உத்திரமேரூரிலிருந்து அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் பிரஷர் மாத்திரையும் நலம். ஐதராபாத்தில் நீயும் உன் பாறைகளும் நலமா? போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்பா" என்று வைத்துவிடுகிறாய். ஆகவே கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது கண்ணாடிப் பெட்டியில் ஒரு கல்லை டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாயே, அதனால் வந்த வினை. பால் ஊற்றும் திலகா அதைப் பார்த்து, "இன்னா மாமா அது, வெள்ளியா?" என்றாள். நிற்க நேரமில்லாதவள் அன்று நின்றாள். நானும் நீ சொன்னதையே சொன்னேன்: இது கோபால்டைட், அபூர்வக் கனிமம், அந்தக் காலத்து ஜெர்மனியில் இதுபோன்ற தாதுவை வெள்ளி என்று நம்பி உருக்கியவர்களுக்கு நச்சுப்புகைதான் கிடைத்தது, சுரங்கத்துக் குட்டிப் பிசாசின் வேலை என்று 'கோபோல்ட்' என்ற அந்தப் பிசாசின் பெயரையே வைத்துவிட்டார்கள். மறுநாள் நாத்தனாரைக் கூட்டி வந்தாள். அப்புறம் தெருவே வந்தது. உன் அம்மா போனபிறகு நான் அத்தனை டம்ளர் கழுவியதே இல்லை. யாரும் எழுந்து போய்விடக் கூடாதே என்று பிசாசுக்குக் கொஞ்சம் வால் வைத்தேன், ராத்திரியில் பெட்டியைத் தட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே எதிர்வீட்டு வேதாசலத்தின் மோட்டார் எரிந்தது, திலகாவின் மாடு பாலைக் குறைத்தது. பழி கல்மேல் விழுந்தது. இப்போது திலகா பாலைக் கேட்டில் மாட்டிவிட்டு ஓடுகிறாள். தினமும் பேப்பர் படிக்க வரும் வேதாசலம் தெருவிலேயே நின்றுகொண்டு என்னை உரக்கப் படிக்கச் சொல்கிறார்.

"பேருதான்யா பிசாசு, உள்ள ஒண்ணும் கெடையாது" என்றேன்.

"பேரு வெச்சவன் இன்னா பைத்தியமா? கோபாலு மொதல்ல வூட்ட வுட்டுப் போவட்டும், அப்பால நான் வரேன்."

ஆமாம், தெருவுக்கு அது கோபால். சாயங்காலமானால் நான், கோபால், டிவி மூவர்தான். டிவி மட்டும் பேசும்.

ஆகவே கடிதம் கண்டதும் லீவு போட்டு வந்து உன் கல்லை எடுத்துப் போகவும். தபாலில் அனுப்பச் சொல்லாதே; தபால்காரரும் கதை கேட்டவர்தான்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

இப்படிக்கு,
அப்பா ஜெகநாதன்

பி.கு.: கல் இப்போது வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு ஷீபா டீச்சர் நேற்றே வாங்கிப் போய்விட்டார். காலையில் வேதாசலம் உள்ளே வந்து பேப்பர் முழுவதும் படித்தார். இதை மேலேயே எழுதினால் நீ வருவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும் என்று கீழே எழுதினேன்.