மோட்டார் பாட்டு விஷயமாக மச்சானுக்கு

காலாப்பட்டில் கல்யாண வேலையில் மூழ்கியிருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் விஜயராகவன் அவர்களுக்கு, ரெட்டியார்பாளையத்திலிருந்து காத்தவராயன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை அமிர்தவல்லியும் சுகம். பந்தக்கால் நட்ட உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க மயிலம் முருகன் துணை. போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

உங்கள் மகன் மதிவாணன் கல்யாண வரவேற்பில் என் மகள் கவிநிலாவும் அவள் சிநேகிதி சுடர்விழியும் பாட வேண்டாம் என்று நேற்று சொல்லிவிட்டீர்கள். "சாவுல வாசிச்ச பாட்ட எம் புள்ள கல்யாணத்துல பாடறதா?" என்று கேட்டீர்கள். நான் சொல்வதற்கு முன்பே உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. நீங்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பாட்டைப் பற்றி என்ன நினைப்பது என்றே எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வெளியிட்ட முதல் ஆல்பம். அதில் 'மோட்டார் போட்டியா, நீ மோட்டார் போட்டியா' என்று ஒரு பாட்டு. மாடித் தொட்டி நிரம்பி வழிவதைத் தவிர அதில் வேறு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரர், இதெல்லாம் ஒரு பாட்டா என்று சலித்துக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். போனில் பாட்டுக்குக் கீழே ஒருத்தர் 'கேவலம்' என்று எழுதுகிறார், மறுநாளும் வந்து கேட்டுவிட்டு மறுபடியும் 'கேவலம்' என்கிறார். இன்னொருத்தர், மண்டையை விட்டு இறங்க மாட்டேங்குது, ஏதாவது வழி சொல்லுங்க என்று கெஞ்சுகிறார். பாவம், அவருகிட்ட மன்னிப்புக் கேளுன்னு சொன்னா, கவிநிலா அதப் படிச்சுட்டு குதிக்கறா. உங்க தங்கச்சி காது வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே அந்தத் தாளத்துக்குத்தான் கீரை ஆயறா. நான் யாரைத்தான் நம்பறது மச்சான்?

இதுல மூலக்குளத்துல நம்ம மண்ணாங்கட்டி அண்ணன் போய்ச் சேர்ந்தாரு. மில்லுல உங்க கூட ஒரே ஷிப்ட்ல இருந்தவரு. பந்தக்கால் நட்டாச்சு, சாவு வீட்டுக்கு வரக்கூடாதுன்னு நீங்க போன்லயே துக்கம் விசாரிச்சீங்க. அதான் முறை. எண்பதைத் தாண்டுன மனுஷன், கல்யாண சாவுன்னு பேண்டு செட்டு வச்சிருந்தாங்க. பூப்பல்லக்கு கிளம்புனதும் சோகப் பாட்டா வாசிப்பாங்கன்னு பாத்தா, 'மோட்டார் போட்டியா'. மாலையைக் கையில வச்சிக்கிட்டு எனக்கு ஒண்ணும் ஓடல. முன்னாடி ஒரு கும்பல் புழுதி பறக்க ஆடுது. என் காலும் சும்மா இல்ல, அத ஒத்துக்கறேன். வீட்டுக்கு வந்து தலை முழுகிட்டு விஷயத்தச் சொன்னேன். கவிநிலா அழுவாளோன்னு பயந்தேன்.

"ஆடுனாங்களாப்பா?" அப்படின்னு கேட்டா.

ஆடுனாங்கன்னேன். அப்போ அவ மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.

அவளுக்கு இதுதான் முதல் மேடை மச்சான். மாமா கூப்பிட்டிருக்காருன்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்கா. வேணாம்னு அவகிட்ட சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. ஆனாலும் நீங்க பெரியவங்க, சம்பிரதாயம் தெரிஞ்சவங்க, உங்க வார்த்தைக்குக் கட்டுப்படறேன். பொண்ணுங்க பாட மாட்டாங்க. நீங்களே அவகிட்ட நயமா ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

மணமக்கள் மனமொத்து, குறையில்லாமல் வாழ எங்கள் எல்லாருடைய வாழ்த்தும்.

தங்கள் அன்புள்ள,
காத்தவராயன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கவிநிலா போனில் ஒரு வீடியோ காட்டினாள். மண்ணாங்கட்டி அண்ணன் ஊர்வலத்தில் யாரோ எடுத்துப் போட்டது. கும்பலுக்கு நடுவில் ஒருத்தர் தலையையும் பாதி முகத்தையும் துண்டால் மூடிக்கொண்டு ஆடுகிறார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. உங்கள் தங்கை பார்த்ததுமே, "எங்கண்ணன்தான். என் கல்யாணத்துலயும் இப்படித்தான் இடது காலத் தூக்கித் தூக்கி ஆடுச்சு" என்றாள். துண்டு நழுவிய இடத்தில் நானும் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் அந்த ஆள் பேண்டு செட்டுக்காரரிடம் போய், மறுபடியும் அதையே வாசிக்கச் சொல்கிறார். உங்கள் வீட்டம்மாவுக்கு இது தெரியாது போலிருக்கிறது, நான் சொல்ல மாட்டேன். இதுவரை வந்த அபிப்பிராயங்களில் எனக்கு விளங்கியது இது ஒன்றுதான் மச்சான். பொண்ணுங்க ஆறு மணிக்கெல்லாம் மண்டபத்துக்கு வந்துடுவாங்க.