பூதக்கண்ணாடியும் வேகாத பருப்பும்

எங்கள் ஊரில் வாயில் வைக்கும்படியான தண்ணீர் ஒரே ஒரு கிணற்றில்தான் இருந்தது. அதை விஞ்ஞான முறைப்படி, தக்க ஆதாரங்களுடன் மூடவைத்த பெருமை என்னைச் சேர்ந்தது. விரோதத்தால் செய்யவில்லை, ஊருக்கு உபகாரம் செய்யப் புறப்பட்டுத்தான் செய்தேன். இதை வெளியில் ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்தைந்து வருஷம் பிடித்தது. இதற்குள் என் மனைவி பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டபடியால், இப்போது ஒப்புக்கொள்வதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

அப்போது நான் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் ஹைஸ்கூல் சயன்ஸ் மாஸ்டர். பட்டம் புதிது, கல்யாணம் புதிது, மீசையும் புதிது. இவற்றில் பட்டம்தான் தலைக்கு ஏறியிருந்தது. யார் எதைச் சொன்னாலும் "இதற்கு என்ன நிரூபணம்?" என்று கேட்பேன். என் மாமியார் ஒருமுறை "எங்க மாப்பிள்ளை ரொம்ப நல்லவர்" என்று சொன்னபோதும் கேட்டேன். அதற்கப்புறம் அவர் அதைச் சொல்லவில்லை.

ஊருக்கு வடக்கே கரீம் சாயபுவின் தோல் ஷாப்பு. (தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஷாப்பு என்றவுடன் கண்ணாடி அலமாரியை நினைத்துக்கொண்டு யாரும் வர வேண்டாம். வாசனை வழியிலேயே திருப்பி அனுப்பிவிடும்.) அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெரு ஷாப்பை ஒட்டினாற்போல் இருந்தது. அவர்களுக்கு ஒரே கிணறு. சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் கழிந்த நீரெல்லாம் ஒரு வாய்க்காலாகி, அந்தக் கிணற்றை உரசிக்கொண்டு போகும். கிணற்று நீர் பால் விடாத டீயின் நிறத்தில் இருக்கும். ஊரின் மற்றக் கிணறுகளில் அவர்கள் இறைக்கக் கூடாது என்பது, எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடமான சட்டம். ஆகவே வேறு இடத்தில் ஒரு புதுக் கிணறு வேண்டும் என்று அந்தத் தெருக்காரர்கள் ஊர் நிர்வாகம் பார்க்கும் யூனியன் போர்டைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

போர்டு பிரசிடெண்ட் ரங்கநாத முதலியாருக்குப் பிடித்த வார்த்தை ஒன்று உண்டு: "ஆதாரம்." யார் என்ன மனுக் கொண்டுவந்தாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது சரி, ஆதாரம் இருக்கா?" என்பார். கிணற்று மனுவும் அந்தக் கேள்வியில் போய் நின்றுவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் அவரும் நானும் ஒரே ரகம். அங்கேதான் வந்தது ஆபத்து.

ஒரு நாள் எலிசபெத்து என்ற அந்தத் தெருப் பெண்மணி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். அவள் மகன் ஜேக்கப் என் வகுப்பில் படித்தான். பாதி நாள் வரமாட்டான்.

"பையன் ஏம்மா வர்றதில்லை?" என்றேன்.

"வயித்தைக் கலக்குது வாத்தியாரய்யா. தண்ணிதான். அந்தத் தண்ணிலே பருப்பு வேக மாட்டேங்குது, சோறு மஞ்சளாப் போவுது. போர்டிலே ஆதாரம் கேக்கறாங்களாம். அது இன்னான்னே எங்களுக்குத் தெரியலை. நீங்கதான் சொல்லணும்."

"பருப்பு வேகாததெல்லாம் சமையல்கட்டுச் சமாசாரம் அம்மா. அது அனுபவம். ஆதாரம் என்பது வேறு" என்றேன். (இந்த வாக்கியத்தை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். எங்கள் வீட்டில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.)

பள்ளிக்கூடத்தில் பித்தளையில் ஒரு பெரிய பூதக்கண்ணாடி, அதாவது மைக்ராஸ்கோப், உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் அடியில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்களெல்லாம் தெரியும். ஹெட்மாஸ்டர் அதை, பெண்ணைப் புக்ககம் அனுப்புகிற தகப்பனார் போலக் கலக்கத்துடன் என்னிடம் ஒப்படைத்தார். ஷாப்புக் கிணற்று நீரில் ஒரு சீசா. ஒப்பிட்டுக் காட்டக் கடைத்தெரு நல்ல தண்ணீர்க் கிணற்றில் ஒரு சீசா. முதல் சீசாவில் கிருமிகள் கும்மாளம் போடும், இரண்டாவது நிர்மலமாயிருக்கும், போர்டு திகைக்கும், கிணறு வெட்டப்படும். எல்லாம் திட்டமாக இருந்தது.

'விஞ்ஞானமும் பொதுஜன நன்மையும்' என்று அரை மணிப் பிரசங்கம் ஒன்று எழுதி, கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். என் மனைவி கமலாவுக்கே அது பாடமாகிவிட்டது. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அந்தத் தண்ணியை நீங்க ஒரு தடவை வெச்சுப் பார்த்துட்டீங்களா?"

"பார்க்க என்ன இருக்கிறது? தெரிந்த விஷயம்தானே" என்றேன்.

எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்ற பகுதியை அப்போதுதான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தன்று போர்டு ஆபீஸ் நிறைந்திருந்தது. கரீம் சாயபுவும் அங்கத்தினர் என்ற முறையில் வந்து, மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் எலிசபெத்தும் அந்தத் தெருப் பெண்களும் நின்றார்கள். நான் அரை மணி என்றதை முக்கால் மணியாக்கினேன். "அபிப்பிராயம் வேறு, ஆதாரம் வேறு! கனவான்களே, உங்கள் கண்ணே நீதிபதியாக இருக்கட்டும்!" என்று முடித்தபோது பிரசிடெண்டே கை தட்டினார்.

முதலில் ஷாப்புக் கிணற்றுச் சொட்டு. முதலியார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இன்னா மாஸ்டர், ஒண்ணுமே இல்லையே?"

"வெளிச்சம் கம்மி" என்று கண்ணாடியைத் திருப்பினேன். இன்னொரு அங்கத்தினர் பார்த்தார். "துடைச்சுவிட்டாப்பல சுத்தமா இருக்குது" என்றார்.

சரி, இரண்டாவதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும் என்று நல்ல தண்ணீர்ச் சொட்டை வைத்தேன். முதலியார் குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"அடக் கடவுளே! இன்னாய்யா இது, திருவிழாக் கூட்டமாட்டம்! ஒண்ணுக்கு வால் இருக்குது! ஒண்ணுக்குக் கொம்பு!"

அங்கத்தினர்கள் முட்டி மோதிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவர், அதில் ஒன்று தம்மை முறைத்ததாகச் சொன்னார். காலையில் அந்தத் தண்ணீரில் இரண்டு டம்ளர் காபி குடித்திருந்த மற்றொருவர் அவசரமாகத் தாழ்வாரத்துக்குப் போனார்.

நானும் பார்த்தேன். அந்தக் கணத்தில் என் பட்டத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுண்ணாம்பும் உப்பும் பட்டைச் சாறும் ஊறிய தண்ணீரில் கிருமி எப்படி இருக்கும்? அதில் எதுவுமே இருக்க முடியாது. பாசியும் தவளையும் வாழ்கிற நல்ல கிணற்றில்தான் ஜந்துக்கள் இருக்கும். பூதக்கண்ணாடிமேல் குற்றமில்லை. 'உயிர் இருக்கிறதா?' என்று நான் கேட்டேன். அதற்கு அது யோக்கியமாகப் பதில் சொல்லிவிட்டது. 'குடிக்கலாமா?' என்று அதை யாரும் கேட்கவில்லை.

இந்த விளக்கத்தைச் சொல்லியிருந்தால் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வாயில் வந்ததோ, "சீசா மாறிப்போயிற்று!"

பிரசிடெண்ட் நியாயஸ்தர். உடனே சேவகனை அனுப்பி, இரண்டு கிணற்றிலும் புதிதாக நீர் கொண்டுவரச் செய்தார். மறுபடியும் சோதனை. ஷாப்புத் தண்ணீர் முன்போலவே நிர்மலம். நல்ல தண்ணீரில் இந்தத் தடவை பெரியதாக ஏதோ ஒன்று குறுக்கே நீந்திப் போயிற்று.

"ஐயா, புழுகூடப் பிழைக்க முடியாத தண்ணீர் என்பதுதான் அதன் கெடுதல்!" என்று கதறினேன்.

முதலியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாஸ்டர், கண்ணே நீதிபதின்னு நீங்கதானே சொன்னீங்க. நீதிபதி ரெண்டு தபா தீர்ப்பு சொல்லியாச்சு. இப்ப நீங்களே அப்பீல் பண்றீங்களே?"

கரீம் சாயபு வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். "புதுக் கிணத்துக்குப் பாதிச் செலவு குடுத்துடலாம்னுதான் நான் வந்தேன். மாஸ்டர் மிச்சம் பண்ணிக் குடுத்துட்டார். அல்லா அவரை நல்லா வெக்கணும்."

புதுக் கிணறு அவசியமில்லை என்று தீர்மானம் ஆயிற்று. கையோடு, கடைத்தெருக் கிணற்றை மூடி, இறைத்து, மருந்து போட வேண்டும் என்றும் ஆயிற்று. அதுவரை ஷாப்புக் கிணற்று நீரைப் பீப்பாயில் ஏற்றிப் போர்டு வண்டி வீடு வீடாகக் கொடுக்கும். அந்தக் கிணற்றில் போய் இறைக்க மாட்டோம் என்ற கடைத்தெருக்காரர்கள் வண்டித் தண்ணீருக்கு ஆட்சேபம் சொல்லவில்லை. பீப்பாய்க்குள் போனவுடன் தண்ணீருக்குத் தான் எந்தத் தெரு என்பது மறந்துவிடும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அதற்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

வெளியே வந்தேன். எலிசபெத்து ஓடிவந்தாள். "இன்னா ஆச்சு வாத்தியாரய்யா?"

"உங்கள் தண்ணீர்தான் ஊரிலேயே சுத்தம் என்று நிரூபித்துவிட்டேன்."

"அப்போ ஜேக்கப்புக்கு வயிறு?" என்றாள்.

நான் பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவ்வளவு கனமாக அது அதற்கு முன் இருந்ததில்லை.

மறுநாள் முதல் வண்டி வந்தது. அதற்கடுத்த நாள் முதல் கடைத்தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. காபி ஆவாரம்பட்டைக் கஷாயமாயிற்று. சோறு மஞ்சளாயிற்று. பருப்போ, காலையில் ஏற்றினால் மத்தியானம்வரை கூழாங்கல் மாதிரி குதித்துக்கொண்டிருந்தது. கமலா என் இலையில் அதைப் பரிமாறுவாள். கடகடவென்று சத்தம் கேட்கும். என்னைப் பார்ப்பாள். நான் சாப்பிடுவேன்.

நாலைந்து நாளில் அவசரக் கூட்டம் கூடிற்று. முதலியார் கையில் ஒரு தூக்குடன் வந்தார். பூதக்கண்ணாடி இருந்த அதே மேஜையில் அதை வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே துவரம்பருப்பு.

"விடியக் காலையிலே அடுப்பிலே ஏத்தினது. எங்க வீட்டிலே அவங்க, 'பிரசிடெண்டு வேலையா, சோறா, ரெண்டிலே ஒண்ணு சொல்லிடுங்க'ன்னுட்டாங்க. எல்லாரும் எடுத்து நசுக்கிப் பாருங்கய்யா."

தூக்கு கைக்குக் கை போயிற்று. ஒருவராலும் நசுக்க முடியவில்லை.

"சாயபு, உங்க வீட்டிலே மட்டும் பருப்பு வேகுதா?" என்று ஒருவர் கேட்டார்.

"நம்ம வீட்டுக்கு ஆத்து ஊத்துத் தண்ணி வண்டியிலே வருது. ஷாப்புத் தண்ணிலே தோல்தான் பதமாகும். அதை எவன் குடிப்பான்? பேஜாரு" என்றார் கரீம் சாயபு, சர்வசாதாரணமாக. இந்தக் கேள்வியை முதல் கூட்டத்திலேயே நான் கேட்டிருக்கலாம். அது விஞ்ஞானமாக எனக்குத் தோன்றவில்லை.

"சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் பருப்பு வேகாததற்கு ரசாயன சாஸ்திரப்படி..." என்று நான் எழுந்தேன்.

"மாஸ்டர், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் முதலியார். பிறகு தூக்கைக் காட்டி, "இதுதான்யா ஆதாரம்" என்றார்.

புதுக் கிணறு அன்றைக்கே தீர்மானமாயிற்று. சாயபு சிரித்துக்கொண்டே பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். கடைத்தெருக் கிணறும் அதன் ஜந்துக்களோடு திறக்கப்பட்டது. ஆற்றோரமாய் வெட்டின புதுக் கிணற்றில் நல்ல ஊற்று. ஜேக்கப் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வர ஆரம்பித்து, கணக்கில் முட்டை வாங்கினான். அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் வேகாத பருப்புக்கு 'ஆதாரம்' என்றுதான் பெயர். "அம்மா, சாம்பாரிலே ஒரே ஆதாரம்" என்பார்கள் பிள்ளைகள். போன மாதம் வந்த மருமகளும் கற்றுக்கொண்டுவிட்டாள். அவளாவது என்னைத் தவறாக நினைக்கக் கூடாதே என்று, "என்ன இருந்தாலும் அம்மா, அந்தத் தண்ணீர் கெட்டது என்று முதலிலிருந்தே சொன்னவன் நான்தான். கடைசியில் அதுதானே நிரூபணம் ஆயிற்று?" என்றேன்.

கமலா உள்ளேயிருந்து சொன்னாள்: "பருப்பும் அதையேதான் சொல்லிச்சு. ஆனா அது முக்கால் மணி லெக்சர் குடுக்கலை."