கஸ்டர்டுக்கு நேர்ந்த மொட்டை

நாய் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. அதோடு சீப்பும் போய்விட்டது.

"சீப்பு எங்கங்க?" என்று கேட்டாள் ரமணி.

"நாய்க்குள்ள இருக்கு," என்றார் கன்னையா.

ரமணியின் கையிலிருந்த கரண்டி நின்றது. "முழுங்கிடுச்சா?"

"முழுங்கல. வயித்துப் பக்கம் சீவுனேன். உள்ள போன சீப்பு வெளிய வரல. பிடிச்சு இழுத்தேன். நாயும் சேர்ந்து வந்துச்சு."

அது அவர்களுடைய நாயாக இருந்திருந்தால் சீப்பு போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். அது முதலாளி சாத்தப்பன் செட்டியார் வீட்டு நாய். மெல்பர்னில் படிக்கும் மகள் தெய்வானை மூன்று வருடங்களுக்கு முன் விடுமுறையில் வந்தபோது வாங்கி அம்மாவிடம் விட்டுப் போனது. பூடில் ஜாதிக்கும் ஸ்பானியல் ஜாதிக்கும் பிறந்த கலப்பு. உடம்பெல்லாம் பாலேடு நிறத்தில் சுருள் சுருளாக முடி. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அது நடக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். பெயர் கஸ்டர்ட். ரமணியின் வாயில் அது முதல் நாளே 'கஷ்டம்' ஆகிவிட்டது.

தெய்வானைக்கு வரன் பேச முதலாளியும் அவர் மனைவி அழகம்மை ஆச்சியும் இரண்டு வாரப் பயணமாகக் காரைக்குடிக்குப் புறப்பட்டார்கள். புறப்படுமுன் முதலாளி, பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, நேரே கன்னையாவின் மேசைக்கு வந்தார்.

"கன்னையா, கஸ்டர்ட ஒங்ககிட்டதான் விடப்போறேன். இந்த வேலைக்கு ஒங்கள விட்டா வேற ஆளில்ல."

கன்னையாவுக்குக் காது குளிர்ந்தது. காரணம் இருந்தது. மாதக் கடைசியில் தலைமைக் கிளார்க் தம்புசாமி ஓய்வு பெறுகிறார். ஏர்கான் அறையும் சுழலும் நாற்காலியும் காலியாகின்றன. அதில் உட்காரத் தகுதியான சீனியாரிட்டி இரண்டு பேருக்குத்தான்: கன்னையா, நாகையா. உட்காராதவருக்குப் போர்ட் கிள்ளான் கோடவுன். விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க மிளகாய் மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில் தும்ம வேண்டும். லோரிக்காரர்களிடம் திட்டு வாங்க வேண்டும்.

நாயை நாகையாவிடம் கொடுக்காமல் தன்னிடம் கொடுத்திருக்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரே அர்த்தம்தான்.

நாகையா பென்சிலைக்கூட உயர வரிசைப்படி அடுக்கி வைக்கும் பேர்வழி. கன்னையாவின் முறை வேறு. அவர் மேசையில் மேலே இருக்கும் பைல் எப்போதும் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை பார்க்கத் துணிவதில்லை.

நாயை ஒப்படைக்க ஆச்சியே ஆபீசுக்கு வந்திருந்தார். ஒரு முள் பிரஷ், ஒரு இரும்புச் சீப்பு, கூடவே ஒரு பிரசங்கம்.

"தெனம் காலையில ஒரு மணி நேரம் சீவணும், கன்னையா. பேன் பாக்குற மாதிரி வகுந்து வகுந்து, தோலு தெரியற வரைக்கும். மேலாக்க சீவுனா வெளிய பட்டாட்டம் இருக்கும், அடியில சிக்கு விழுந்துரும். காதுக்குப் பின்னாடி, கக்கம், வயிறு, எதையும் விட்டுறாதீங்க. சீவாம மட்டும் குளிப்பாட்டவே கூடாது. நான் ஏழு மணிக்கு ஒக்காந்தா எட்டு மணிக்குத்தான் எந்திரிப்பேன். இந்தப் பக்கம் வீடு பத்தி எரிஞ்சாலும் எனக்குத் தெரியாது."

முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவர் சபாபதி கடையில் கட்டி வந்திருந்த தோசைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். தினமும் ஆபீசுக்கு வந்ததும் அவருக்கு அதுதான் முதல் வேலை.

"கேட்டுக்கிட்டீங்கல்ல, கன்னையா," என்றார் ஆறிப்போன தோசையைப் பிய்த்தபடி. "ஆனா ரொம்ப சிரமப்படாதீங்க. ஒங்க வழக்கப்படியே செய்ங்க."

கன்னையா தம் வழக்கப்படியே செய்தார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டே இடது கையால் முதுகின்மேல் பத்து இழுப்பு. நாய் மேலுக்குத் தகதகவென்று மின்னியது. எட்டாவது நாள், சனிக்கிழமை, நல்ல பெயர் முழுதாக வாங்கிவிடலாமே என்று வயிற்றுப் பக்கம் சீப்பை விட்டபோதுதான் சீப்பு காணாமல் போனது.

ரமணி கட்டிலுக்கு அடியிலிருந்து நாயை இழுத்து மடியில் போட்டு முடியை விலக்கிப் பார்த்தாள். விலகவில்லை. மேலே அரை அங்குலம் பட்டு. அதற்குக் கீழே விரல் நுழைய இடமில்லாமல் ஒரே கட்டி.

"இது சிக்கு இல்லீங்க. பாயி. நாயச் சுத்தி யாரோ பாயி பின்னி வச்சிருக்காங்க."

"தண்ணி பட்டா எளகிடும்."

"சீவாம குளிப்பாட்டக் கூடாதுன்னு ஆச்சி சொன்னாங்கன்னீங்க?"

"சீவாமதான குளிப்பாட்டக் கூடாது? நான்தான் தெனம் சீவுறேனே," என்றார் கன்னையா.

குளிப்பாட்டினார். ரமணியின் ஷாம்பு பாட்டிலில் பாதி தீர்ந்தது. கம்பளிச் சட்டையை வெந்நீரில் முக்கினால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. கட்டி சுருங்கி, இறுகி, தோலைப் பிடித்துக்கொண்டது. நாய் பாதியாகத் தெரிந்தது. உலர்த்தினால் உப்பிவிடும் என்று ஹேர் டிரையரைப் பிடித்தார். உப்பவில்லை. வெந்தது. முதுகில் தட்டிப் பார்த்தார். பலகையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"வாசல்ல போடுங்க," என்றாள் ரமணி. "வர்றவங்க கால் தொடைச்சுக்கட்டும்."

"வெளயாடாத. எண்ண தேச்சா வழுக்கிக்கிட்டு வந்துடும்."

எண்ணெய் தேய்த்தார். சீப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது, நான்கு பல் குறைவாக. அடுத்து நாயும் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. மில்லில் திரித்து வாங்கி வந்த மஞ்சள் தூளை ரமணி கூடத்தில் பேப்பர் விரித்து ஆற வைத்திருந்தாள். கஸ்டர்ட் அதில் போய் விழுந்து, முதுகு அரிப்புத் தீர நாலு தடவை புரண்டு எழுந்தது.

ரமணி குனிந்து நாயை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இப்பதான் பேருக்கு ஏத்த கலரு," என்றாள் ரமணி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னையா கத்தரிக்கோல் எடுத்தார். கட்டிகளை மட்டும் அங்கங்கே வெட்டி எடுத்தால் வெளியே தெரியாது என்பது திட்டம். இடது பக்கம் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தார். ரப்பர் தோட்டத்தில் புதிதாக வேலைக்கு வந்தவன் பால்மரத்தில் கோடு போட்டதுபோல் இருந்தது. வலது பக்கத்தைத் தொட நாய் சம்மதிக்கவில்லை.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது. டிரைவர் சபாபதி.

"அண்ணே, நாளைக்கே காலையில வர்றாங்களாம். மாப்ள வீட்டுல ஒரே பேச்சுல முடிஞ்சிருச்சாம். ஆச்சி ஏர்போர்ட்லேந்து நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வண்டிய விடச் சொல்றாங்க. நாய் எப்படி?"

"நல்லா இருக்கு."

"முடி?"

கன்னையா நாயைப் பார்த்தார். "அதுவும் நல்லா இருக்கு."

"அப்படியா?" என்றான் சபாபதி. என்ன காரணமோ, அவன் குரல் சப்பென்று போனது.

மாலையில் முடிதிருத்தும் ரெங்கசாமி பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். கன்னையாவின் தலைக்கு இருபது வருடமாக அவர்தான் பொறுப்பு. நாயைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"யாரு வெட்டுனது?"

"அது வந்து..."

"என் கடையில வேல பாக்குற பய இப்படி வெட்டியிருந்தா அன்னிக்கே சீட்டக் கிழிச்சிருப்பேன். என்ன ஸ்டைலு வேணும்?"

"பழயபடி ஆக்கணும்."

"அதுக்கு நீங்க கோயிலுக்குப் போகணும் அண்ணே. கட்டி தோலோட ஒட்டிக் கெடக்கு. அடியில மெசின விட்டுச் செரைக்கிறதுதான் வழி. நம்பர் சீரோ."

"கொஞ்சமாவது விட்டு..."

"வாலு நுனியில வேணா ஒரு குஞ்சம் விடுறேன். அழகா இருக்கும்."

மெஷின் ஓடியது. முடி உதிரவில்லை. கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரே துண்டாக, ஓட்டை விழுந்த ஸ்வெட்டரைக் கழற்றியதுபோல் உரிந்து வந்தது. உள்ளேயிருந்து ரோஸ் நிறத்தில் வேறு ஏதோ ஒரு பிராணி வெளியே வந்து உடம்பை உதறிக்கொண்டது. பாசார் இறைச்சிக் கடையில் உரித்துத் தொங்கவிட்ட கோழிக்கு நாலு கால் வைத்ததுபோல் இருந்தது. ஆனால் அதற்கு என்ன மகிழ்ச்சியோ, கூடத்தில் மூன்று சுற்று ஓடி வந்தது.

கன்னையா கழன்று விழுந்த முடிச்சட்டையை எடுத்து நாயின் முதுகில் பொருத்திப் பார்த்தார்.

"ஊக்கு கொண்டு வரவா?" என்றாள் ரமணி.

ரெங்கசாமி அங்கங்கே சிவந்திருந்த தோலைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு டப்பா எடுத்தார். தைப்பூசத்துக்குப் பத்துமலை அடிவாரத்தில் வருடா வருடம் மொட்டை அடிப்பவர் அவர். அடித்து முடித்ததும் கை தானாகச் சந்தனத்துக்குப் போகும். குழைத்து நாயின் தலையிலிருந்து வால்வரை பூசிவிட்டார்.

"எரிச்சல் அடங்கும்," என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கார் வந்து நின்றது. ஆச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். பின்னால் முதலாளி. அவருக்குப் பின்னால் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு சபாபதி.

"கஸ்டர்ட், கண்ணா," என்று கூப்பிட்டார் ஆச்சி.

சந்தனம் பூசிய மொட்டை நாய் ஒன்று வாலில் குஞ்சத்தை ஆட்டிக்கொண்டு வந்து அவர் காலை நக்கியது.

ஆச்சி வாயில் கை வைத்தார். கண் கலங்கிவிட்டது. "கன்னையா, இது என்ன?"

கன்னையாவின் கண்முன் ஏர்கான் அறை இருண்டது. மிளகாய் மூட்டைகள் வரிசையாக வந்து நின்றன. தும்மல்கூட வந்துவிட்டது. தும்மி நிமிர்ந்தபோது நாயின் தலைச் சந்தனம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். வாய் தானாகப் பேசத் தொடங்கியது.

"வேண்டுதல் ஆச்சி."

"வேண்டுதலா?"

"நம்ம தெய்வானைக்கு இந்தத் தடவ வரன் அமையணும்னு பத்துமலையான வேண்டிக்கிட்டேன். அமைஞ்சா மொட்டை போடறேன்னேன். படிக்கிற பிள்ள, அது தலையில கை வைக்க முடியுமா? அது பாசமா வளக்குற ஜீவன் இது. நேத்து சபாபதி போன்ல முடிஞ்சிருச்சுன்னு சொன்னான். கடன நிறுத்தி வைக்கக் கூடாதுல்ல, உடனே முடிச்சிட்டேன்."

அடுக்களை வாசலில் நின்ற ரமணி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆச்சி நாயைப் பார்த்தார். கன்னையாவைப் பார்த்தார். பிறகு மெல்லச் செருப்பைக் கழற்றிவிட்டு நாயைப் பார்த்துக் கைகுவித்தார். "மூணு வருசமா தட்டிப் போனது ஒரே நாள்ல முடிஞ்சப்பவே நெனச்சேன். முருகா! இனி வருசா வருசம் தைப்பூசத்துக்குக் கஸ்டர்டுக்கு மொட்டைதான். நடுவுல ஒரு தடவ, ஆடிக் கிருத்திகைக்கும் போட்டுருவோம்."

முதலாளியின் தோள் குலுங்கியது. சுவர்ப் பக்கம் திரும்பிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்தியில் அழுகிறார் என்று கன்னையாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கன்னையா," என்று அவர் கையைப் பிடித்தார் முதலாளி. "நான் எதிர்பாத்ததுக்கு மேலயே செஞ்சுட்டீங்க."

அன்று மாலையே ரமணி சுழலும் நாற்காலிக்கு ஒரு குஷன் வாங்கி வந்தாள். மெரூன் நிறம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரமும் முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். காலையில் ஏப்பம் விட்டுக்கொண்டே ஆபீசுக்குள் வந்தார். தோசைப் பொட்டலம் நின்றுபோனது. தோசை வாங்கப் போகும் வேலையில்லாத சபாபதி காருக்குத் தினமும் பாலிஷ் போட்டான். கன்னையாவைப் பார்க்கும்போதெல்லாம் முதலாளி புன்னகை செய்தார். கன்னையா குஷனைப் பையில் போட்டு ஆபீசுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மாதக் கடைசி நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். தலைமைக் கிளார்க் நாகையா. கன்னையா, திங்கட்கிழமை முதல் போர்ட் கிள்ளான் கோடவுன்.

கன்னையா மூன்று முறை படித்தார். பிறகு குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த சபாபதியிடம் போனார்.

"சபா, நீ கூட இருந்து பாத்தவன். ஆச்சி அழுதாங்க. முதலாளி என் கையப் பிடிச்சாரு. பொய்யா அது?"

"பொய்யில்ல அண்ணே. நெசமாவே சந்தோசப்பட்டாரு. மூணு வருசமா மனுசனுக்கு வீட்டுல காலையில சூடா ஒரு இட்லி கெடயாது. ஆச்சி ஏழு மணிக்கு நாயும் சீப்புமா ஒக்காந்தா அப்புறம் எங்க? முடிய வெட்டிருவோம்னா அழுவாங்க. இப்ப பாருங்க, தெனம் இட்லி, வடை, ரெண்டு சட்னி. முதலாளி ஒங்கள மறக்கவே மாட்டாரு."

"அப்புறம் ஏன்டா நாற்காலி நாகையாவுக்கு? அவ்வளவு பேர் இருக்க, அந்த நாய என்னை நம்பித்தானடா விட்டாரு?"

சபாபதி துணியைப் பிழிந்து உதறினான்.

"ஒங்கள நம்பித்தான் அண்ணே விட்டாரு. நாய ஒழுங்கா பாத்துக்கணும்னா நாகையாகிட்டல்ல குடுத்திருப்பாரு."