புகழ்ப்பாதையில் நடக்கக் கூடாது

உலகத்தில் பெரிய நகரங்கள் எத்தனையோ உண்டு. தன் பெருமக்களைத் தரையில் பதித்து, அவர்கள்மேல் எவரும் கால் வைத்துவிடாதபடி அந்தத் தரையையே பூட்டி வைத்த நகரம் எங்களுடையது ஒன்றுதான். அந்தச் சாதனையைச் செய்த குழுவுக்குச் செயலாளராக இருக்கும் பேறு, நகரசபையின் தலைமை எழுத்தரான எனக்குக் கிடைத்தது.

அரசு மருத்துவமனையிலிருந்து பேருந்து நிலையம் வரை கடைத்தெருவை ஒட்டி ஒரு நடைபாதை உண்டு. நகரத்துக்குப் பெருமை சேர்த்த பன்னிரண்டு பேரின் முகத்தையும் பெயரையும் கருங்கல் பலகைகளில் பொறித்து அதில் பதிப்பது, அதற்குப் "புகழ்ப்பாதை" என்று பெயரிடுவது என்று தீர்மானம். பெருமக்களைத் தேடிக் குழு ஊரெல்லாம் அலையவில்லை. தேநீர் வருவதற்குள் பதினோரு பேரை அந்த அறைக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டது. குழுவில் ஏழு பேர் இருந்ததும், அவர்களில் சிலருக்கு மைத்துனர்கள் இருந்ததும் வேலையை எளிதாக்கின. மெத்தைக்கடை அதிபர், நகர மக்களின் ஆழ்ந்த உறக்கத்துக்குப் பாடுபட்டவர் என்று தேர்வானார். நகரசபைத் தலைவரின் மாமனார் கவிஞர். அவரும் ஏறக்குறைய அதே காரணத்துக்காகத் தேர்வானார்.

பன்னிரண்டாவது இடத்துக்கு ஒரு மனு வந்திருந்தது. பள்ளத்துப் பகுதி மக்கள் நானூற்றுப் பதினாறு பேர் கையெழுத்திட்ட மனு. ஒன்பது வருடத்துக்கு முன் வெள்ளம் வந்தபோது, நீரேற்று நிலையத்தில் இயந்திரம் ஓட்டும் வேலையில் ஒரு பெண்மணி இருந்தார். ஊரில் அவருக்கு மோட்டார் அக்கா என்று பெயர். எல்லோரும் வெளியேறிய பிறகும் அவர் மூன்று நாள் அங்கேயே இருந்து, தனியாளாக டீசல் இயந்திரத்தை ஓட்டி, பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை ஆற்றுக்கு இறைத்துத் தள்ளினார். உயர் அதிகாரிகள் என்ற சொல்லுக்கு அந்த மூன்று நாளில்தான் எனக்குப் பொருள் விளங்கியது. அவர்கள் நான்காவது மாடியில் இருந்தார்கள்.

மனுவைக் குழு தீர விவாதித்தது.

"சம்பளம் வாங்கினாங்க, வேலையைப் பார்த்தாங்க. இதுல புகழ் எங்கேர்ந்து வந்தது?" என்று மெத்தைக்கடை அதிபர் கேட்டார்.

தலைவர் அதை ஆமோதித்தார். கடமையைச் செய்தவரைப் பாராட்டினால் செய்யாதவர்கள் மனம் புண்படும், நகரசபை ஊழியர்களில் பெரும்பான்மையோர் மனத்தைப் புண்படுத்துவது நிர்வாகத்துக்கு நல்லதல்ல என்று விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "செயலாளர் என்ன சொல்றீங்க?" என்றார்.

நான் குடியிருப்பது பள்ளத்தில்தான். வெள்ளம் வந்த அன்று நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். என் மனைவி ஆறு மாதக் குழந்தையோடு சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மேடையின் விளிம்பைத் தொட்டுவிட்டு, பிறகு விரற்கடை விரற்கடையாக இறங்கியது. ஆனால் சொந்த விஷயத்தைப் பொதுப்பணியில் கலப்பது முறையல்ல.

"தலைவர் சொல்றதுதான் சரிங்க" என்றேன்.

மனு "பரிசீலனையில் வைக்கப்பட்டது". அலுவலக மொழியில், அடக்கம் முடிந்தது என்று பொருள். பன்னிரண்டாவது இடம் தலைவருக்கே என்று முடிவாயிற்று. அவர் ஒருமுறை மறுத்தார். இரண்டாம் முறை மறுப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

திறப்பு விழா நடந்த மூன்றாம் நாளே சிக்கல் தொடங்கியது. ஜனங்கள் நடைபாதையில் நடந்தார்கள்.

மெத்தைக்கடை அதிபர் வியர்க்க விறுவிறுக்க அலுவலகத்துக்கு வந்தார். "என் மூஞ்சி மேல செருப்போட போறாங்க. என் மாமியார் காலையில ஒரு தடவ போனாங்க. சாயங்காலம் ஒரு வேலையும் இல்லாம இன்னொரு தடவ போனாங்க" என்றார். கவிஞரின் பலகைமேல் ஒரு நாய் காலைத் தூக்கித் தன் கருத்தைப் பதிவு செய்திருந்தது. அவருக்குக் கிடைத்த முதல் விமரிசனம் அதுதான் என்றாலும் அவர் மகிழவில்லை.

அவசரக் கூட்டம் கூடியது. கற்களைப் பெயர்த்துச் சுவரில் பதிக்கலாம் என்றார் பொறியாளர். சுவரில் பதித்தால் அது எப்படிப் பாதையாகும் என்று தலைவர் மடக்கினார். ஆகவே நடைபாதையின் நீளம் முழுக்கச் சங்கிலி கட்டி, இரு முனையிலும் பூட்டுப் போட்டு, "இது புகழ்ப்பாதை. இதில் நடக்கக் கூடாது" என்று பலகை வைப்பதென்று முடிவாயிற்று. வாசகம் அடியேன் எழுதியது.

"அப்போ ஜனங்க எங்க நடப்பாங்க?" என்று பொறியாளர் கேட்டார்.

"நடக்கிறவங்க எப்படியும் நடந்துக்குவாங்க" என்றார் தலைவர். இவ்வளவு நம்பிக்கையை மக்கள்மேல் வைத்த தலைவரை நான் கண்டதில்லை. ஆணையில் கையெழுத்திட்டேன்.

ஜனங்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். பதினோராம் நாள், மோட்டார் அக்கா ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருத்துவமனைக்குச் சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின் மாதாமாதம் அந்த நடைபாதை வழியாகத்தான் போய்வந்தார். பேருந்துக்கு வழிவிட ஒதுங்கிய சரக்கு வண்டி அவரைத் தட்டிச் சாய்த்தது. இடுப்பெலும்பு முறிந்தது. இனி பிடிமானம் இல்லாமல் நடப்பது சிரமம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் பள்ளத்து மக்கள் நகரசபை வாசலுக்கு வந்தார்கள். கோஷம் போடவில்லை. சும்மா உட்கார்ந்தார்கள். தலைவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பத்தே நிமிடத்தில் குழு கூடி, மோட்டார் அக்காவுக்குப் பதின்மூன்றாவது கல் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. கடமையைத் தாண்டி அவர் ஏதோ செய்துவிட்டார் என்று இப்போது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. சம்மதக் கையெழுத்து வாங்க என்னை அனுப்பினார்கள்.

அவர் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் கட்டிலருகே நின்று தீர்மானத்தை முழுவதுமாகப் படித்தேன். கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டார்.

"கல்லு எதுக்கு தம்பி? அந்தச் சங்கிலிய எடுக்கச் சொல்லுங்க. ஜனங்க நடக்கட்டும்."

அது வேறு கோப்பு என்று பணிவாக விளக்கினேன்.

"அதுல கையெழுத்துப் போட்டது யாரு?"

நான் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். அவர் என் வீடு எங்கே என்று விசாரித்தார். பள்ளத்தில் நான்காவது சந்து என்றேன்.

"நாலாவது சந்தா?" சற்று யோசித்தார். "அங்கதான் தண்ணி கடைசியா வடிஞ்சுது. ரெண்டாவது நாளே முடியாம படுத்துடலாம்னு பார்த்தேன். நாலாவது சந்துல கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டிருக்குன்னு யாரோ வந்து சொன்னாங்க. அதான் நிறுத்தல." பிறகு, "அந்தக் கொழந்தை யாரு வீடுன்னு தெரியுமா? நல்லா இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்குக்கா. நாலாவது படிக்குது."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். "சங்கிலிய எடுக்கச் சொல்லுங்க."

கையெழுத்துப் போடவில்லை. "அம்மையார் மகிழ்ச்சியில் பேச்சிழந்தார்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். சங்கிலியைப் பற்றி அதில் குறிப்பிடவில்லை. அறிக்கை ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதி. கல்லும் பதிக்கப்பட்டது. "நகரின் புகழ் காக்க நடைபாதையை விட்டுக்கொடுத்தவர்" என்ற வாசகமும் என்னுடையதே. தலைவர் அதைப் படித்துக் கண் கலங்கினார்.

என் சேவையையும் குழு மறக்கவில்லை. அடுத்த மாதம் பதினான்காவது கல் எனக்குப் பதிக்கப்பட்டது. வாசகத்தைத் தலைவரே தம் கைப்பட எழுதினார்: "இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் ஒருமுறைகூட எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர்."

என் மனைவியை அழைத்துப்போய்க் காட்டினேன். சங்கிலிக்கு வெளியே, சாலையில் நின்றுதான் பார்க்க முடிந்தது. பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. அவள் முதல் கல்லிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். மோட்டார் அக்காவின் கல்லருகே வெகுநேரம் நின்றாள். கடைசியாக என்னுடையதைப் படித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பதினாலு கல்லுல, உண்மையை எழுதியிருக்கிறது இது ஒண்ணுலதான்" என்றாள்.