என் கல்யாணத்தை நிறுத்திய லோக்சபா

என் அண்ணன் செல்லையா பொய் சொல்கிறான். போன மாதம் போடியில் என் மூத்த மகன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பந்தல் நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னான்: "அன்னைக்கு எந் தங்கச்சிக்கு நடக்க இருந்த அநியாயக் கல்யாணத்த நாந்தான் நிறுத்துனேன். இல்லேன்னா இன்னைக்கு இந்த மாப்பிள்ளையே கெடையாது!" எல்லாரும் கை தட்டினார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் சண்டை எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்திரிகையில் சம்பந்தி கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கல்யாணத்தை நிறுத்தியவர் லோக்சபா.

சுதந்திரத்துக்குப் பிறகு ஓட்டுப் போட்டு டெல்லியில் முதல் பார்லிமெண்ட் நடந்த ஐந்து வருஷமும், அங்கே என்ன நடக்கிறது என்று அதன் மெம்பர்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்த மனிதர் போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் மண்டியில் காய் சலித்துக்கொண்டிருந்தார். மெம்பர்கள் சபையில் கண் அசந்திருக்கலாம். இவர் ஒரு நாளும் அசந்ததில்லை. நாங்கள் அவரை லோக்சபா என்று கூப்பிட்டோம். மண்டி முதலாளி கிறுக்கன் என்று கூப்பிட்டார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

மலையிலிருந்து லோடு வந்து இறங்கும். லோக்சபா நின்றுகொண்டு சல்லடையில் காயைப் பெரிசு சிறிசாகப் பிரிப்பார். பொம்பளைகள் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து, சுளகில் கொட்டிப் புடைத்து, காம்பு கிள்ளி, வெடித்ததைப் பொறுக்குவோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. முதலாளி படித்து, மண்டியில் இருக்கிற அத்தனை பேரும் படித்து, மறுநாள் கசங்கிப்போய் வருகிற பேப்பர்தான் லோக்சபா கைக்குக் கிடைக்கும். அதில் பார்லிமெண்ட் செய்தியை மட்டும் கிழித்து மடியில் கட்டிக்கொள்வார். மிச்சத்தில் வடை மடிக்கலாம் என்பார்.

மூட்டையில் கட்டுகிற தடித்த அட்டைச் சீட்டு இருக்கிறதே, அதில் மெம்பருக்கு ஒன்று வீதம் எழுதி வைத்திருந்தார். முன்னால் பெயர், தொகுதி, கட்சி. பின்னால் அந்த மெம்பர் சபையில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று எறும்பு எழுத்தில் இருக்கும். ராஜ்யத்துக்கு ஒரு சணல் கயிறு. கிட்டத்தட்ட ஐநூறு சீட்டு அவருடைய ஒற்றை அறை வீட்டில் சுவருக்குச் சுவர் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் சம்சாரம் ஒருநாள் மண்டி வாசலில் வந்து நின்று கத்தியது. "இந்த மனுசங்கூடக் குடும்பம் நடத்துறதுக்கு ஐநூறு ஆம்பளைங்க முன்னாடி சீல மாத்த வேண்டியிருக்கு!"

லோக்சபா சல்லடையை நிறுத்தாமல் பதில் சொன்னார். "ஐநூறு பேரும் ஆம்பளைங்க இல்ல. பொம்பள மெம்பருங்களும் இருக்காங்க. சபைக்குத் தப்பான தகவல் குடுக்காத."

அந்த அம்மா நேராகச் சிலமலைக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது. "எதிர்க்கட்சி வெளிநடப்பு" என்று எங்களிடம் அறிவித்தார். மூன்றாம் நாள் அவரே நடந்துபோய்க் கூட்டிக்கொண்டு வந்தார். "எதிர்க்கட்சி இல்லாத சபையில ஒரு முடிவும் எடுக்கக் கூடாதுத்தா" என்றார். உண்மை என்னவென்றால் அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது.

வடக்கே எங்காவது ஒரு மெம்பர் இறந்துபோனால் அவ்வளவுதான். சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சீட்டைத் திருப்பித் தொங்கவிட்டு, தலை முழுகிவிடுவார். முதலாளி குதிப்பார்.

"அவன் யார்றா ஒனக்கு? மாமனா? மச்சானா?"

"சபை ஒத்திவச்சிருக்கு மொதலாளி. நாளைக்குத்தான் கூடும்."

எந்த விஷயமானாலும் மூன்று தரம் வாசித்த பிறகுதான் முடிவு. ஒருநாள் பானையில் தண்ணீர் தீர்ந்துபோய், யார் போய்க் கொண்டுவருவது என்று அவரைக் கேட்டோம். முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, திருத்தம், மூன்றாம் வாசிப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நானே எழுந்துபோய்க் கொண்டுவந்தேன். "மசோதா நிறைவேறியது" என்று முதல் குவளையை வாங்கிக் குடித்தார். அறைந்திருப்பேன். குவளை மண்டியுடையது, அதனால் விட்டேன்.

கல்யாணச் சட்டம் பார்லிமெண்டில் விவாதத்துக்கு வந்தபோதுதான் நாங்கள் காதைத் தீட்டினோம். லோக்சபா ஒவ்வொரு நாளும் படித்துச் சொன்னார். பொண்டாட்டி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக் கூடாதாம். பொண்ணுக்குப் பதினைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டுமாம். ஒத்துவரவில்லை என்றால் கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளலாமாம்.

"அப்ப எங்க மாமனாரு? அவருக்கு மூணுல்ல?" என்றாள் ஒருத்தி.

"முன்னாடி நடந்ததுக்குச் சட்டம் பாயாதுத்தா."

"பாயட்டும்ணே. கொஞ்சமாச்சும் பாயட்டும்!"

லோக்சபா மண்டியிலேயே ஓட்டெடுப்பு நடத்தினார். பதினைந்து பேரும் "ஆம்" என்றோம். எங்களை மேய்க்கிற மண்டிக் கங்காணி மட்டும் "இல்லை" என்றார். "இல்லை ஒன்று" என்று மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். குரங்கணிக்கு மேலே, எல்லைக் கல்லைத் தாண்டி, ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒருவர் மண்டிக்கு லோடு கொண்டுவரும்போது என்னைப் பார்த்துவிட்டார். வயது நாற்பத்தைந்து. ராசிங்காபுரத்தில் அவர் சம்சாரம் குத்துக்கல் மாதிரி இருக்கிறது. பிள்ளை இல்லையாம், அதனால் நான் வேண்டுமாம். அண்ணனுக்கு அந்தத் தோட்டத்தில் கங்காணி வேலை தருவதாகச் சொன்னார். அண்ணன் என்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டான். அப்பா இல்லை. அம்மா அண்ணன் பேச்சைத் தட்டாது.

"சட்டம் இருக்காமேண்ணே, ரெண்டாந்தாரம் கூடாதுன்னு?" என்று கேட்டேன்.

அண்ணன் சிரித்தான். "இப்ப இருக்கிறது சென்னை ராஜ்யத்துச் சட்டம்டி. தோட்டம் இருக்கிறது திருவாங்கூர்-கொச்சி. தாலி அங்க வச்சுத்தான். சட்டம் மலையேறாது."

இப்படி நம்பினவர்கள் அப்போது எங்கள் ஊரில் இருந்தார்கள். மலையேறித் தாலி கட்டிவிட்டு இறங்கி வந்தால் செல்லும் என்று நினைத்தார்கள். இரண்டு ராஜ்யத்துக்கு நடுவில் ஊர் இருந்தால் இப்படியெல்லாம் புத்தி போகும்.

நான் லோக்சபாவிடம் போய் அழுதேன். அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "இது எம் மேசைக்கு வரலையேத்தா. மனுவாக் குடு."

தலையில் கல்லைப் போடலாம் போல இருந்தது. ஆனாலும் எழுதினேன். "எனக்கு அந்த ஆளைக் கட்டிக்க இஷ்டமில்லை." மாண்புமிகு இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி எழுதினேன். கையெழுத்துக்கு மேலே "பணிவுள்ள" இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் தரம் எழுதிக் கொடுக்கும்போது, "பணிவெல்லாம் எனக்குக் கெடையாதுண்ணே, வாங்கினா வாங்குங்க" என்றேன். வாங்கிக்கொண்டார்.

மசோதா இரண்டு சபையையும் தாண்டிவிட்டது. ஜனாதிபதி கையெழுத்துத்தான் பாக்கி என்றார்.

"அவரு எப்பப் போடுவாரு?"

"அது அவரு கையில இருக்கு."

"எனக்குப் பதினோரு நாள்தான் இருக்குண்ணே! அவருக்கு வேற என்ன சோலி?"

தினமும் காலையில் சுளகைக் கீழே வைக்குமுன் கேட்பேன், "விழுந்துச்சா?" அவர் தலையை ஆட்டுவார். மற்றப் பதினாலு பொம்பளைகளும் கூடப் பெருமூச்சு விடுவார்கள். டெல்லியில் ஒரு மனிதர் பேனாவை எடுப்பாரா என்று போடியில் ஒரு மண்டி முழுவதும் காத்திருந்தது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது விழுந்தது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "டெல்லில போட்ட கையெழுத்து குரங்கணி வரைக்கும் எட்டுமாக்கும்!" என்றான்.

அதற்குப் பிறகு லோக்சபா என் பக்கமே வரவில்லை. என்னைக் கண்டால் சல்லடைக்குள் தலையை விட்டுக்கொண்டார். மண்டிக்கு லோடு தருகிறவரே மாப்பிள்ளை. பகைத்துக்கொண்டால் வேலை போகும். "நமக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்லத்தா" என்று ஒரு தரம் தரையைப் பார்த்துச் சொன்னார். சரி, இந்த ஆளும் அவ்வளவுதான் என்று மனசு விட்டுப்போனது.

கல்யாணத்தன்று விடியும்போதே மாட்டுவண்டி கட்டிக் குரங்கணி போய், அங்கிருந்து நடை. பித்தளைப் பாத்திரம், பெட்டி எல்லாம் கோவேறு கழுதை மேல். மண்டிப் பொம்பளைகள் என் பின்னால். நாதஸ்வரக்காரர் பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏற மூச்சு இல்லை, ஊத எங்கே மூச்சு? எல்லைக் கல்லைத் தாண்டினதும் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிப் பயமில்ல" என்றான். நான் அந்தக் கல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

தோட்டத்துக் கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக எஸ்டேட்காரர் நின்றார். என்னை உட்காரச் சொன்னார்கள். அப்போதுதான் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ஒழுங்குப் பிரச்சினை!"

மேளம் நின்றது. லோக்சபா வந்தார். எங்களுக்கு முன்னாலேயே ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் அந்தச் சணல் கயிறுகள் அத்தனையும். ஐநூறு சீட்டும் மார்பிலும் முதுகிலும் தொங்கிச் சடசடத்தன. மாப்பிள்ளை மாலையைவிட அது கனம்.

"யார்றா இவன்? கழுத்துல என்னடா?" என்றார் எஸ்டேட்காரர்.

"நாட்டு மெம்பருங்க அம்புட்டுப் பேரும் வந்திருக்காங்க மொதலாளி. நான் அவங்களத் தூக்கிட்டு வந்தவன்."

மடியிலிருந்து பேப்பரை எடுத்தார். சல்லடை பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு படித்தார். "பெண்சாதி உசுரோட இருக்கையில இன்னொருத்திக்குத் தாலி கட்டுனா அது கல்யாணமே இல்ல. கட்டுனவனுக்கு ஜெயிலு. தெரிஞ்சே தொணை போனவனுக்கும் ஜெயிலு."

"இது திருவாங்கூருடா. ஒங்க சட்டமெல்லாம் கல்லுக்கு அந்தப் பக்கம்."

"அது மெட்ராஸ் போட்டது மொதலாளி. அதுக்குப் பயந்துதான மூச்சு முட்ட மேல வந்தீங்க? இது டெல்லி போட்டது. இந்தியா பூராவும் செல்லும்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் லோக்சபா இல்லையே. தொண்டையைச் செருமிக்கொண்டு சேர்த்தார்: "ஜம்மு காஷ்மீர் ராஜ்யம் நீங்கலாக."

என் அண்ணன் செல்லையா ஓரடி முன்னால் வந்தான். "அந்தக் காஷ்மீரு எங்கிட்டு இருக்கு? ஜீப்பு போகுமா?"

கேட்டவன் அவன்தான். பதினைந்து சாட்சி உண்டு.

பூசாரி அதற்குள் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அய்யோ, ஞானில்லா!" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுத் தேங்காயோடு கிளம்பினார்.

"பொண்ணு சம்மதிச்சுத்தானேடா வந்திருக்கு?" என்றார் எஸ்டேட்காரர்.

லோக்சபா என் பக்கம் திரும்பினார். "மனுதாரர் சபையில இருக்காங்க. சொல்லுங்க ஆத்தா."

சொன்னேன். மாண்புமிகு எல்லாம் போடவில்லை. "எனக்கு இந்த ஆளு வேணாம். ராசிங்காபுரத்துல ஒரு பொம்பள இருக்கே, அதுக்கும் இது வேணாம்னுதான் இருக்கும். யாராச்சும் எங்களக் கேட்டீங்களா?"

"ஆதரிப்போர் ஆம் என்க" என்றார் லோக்சபா.

மண்டிப் பொம்பளைகள் போட்ட சத்தத்தில் எதிர் மலை இன்னொரு தரம் "ஆம்" என்றது.

"எதிர்ப்போர்?"

"இல்லை!" அதுவும் என் அண்ணன் செல்லையா.

எஸ்டேட்காரர் யாரையும் பார்க்காமல் மாலையைக் கழற்றிப் படியில் வைத்தார். ஜெயில் என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. நான் எழுந்து புடவையை உதறிக்கொண்டு நடந்தேன். நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு குரங்கணிப் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருந்தது. இறக்கத்தில் நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வந்துவிட்டது. அடிவாரம் வரை ஊதிக்கொண்டே வந்தார். அப்படி ஒரு கல்யாண ஊர்வலம் நான் பார்த்ததில்லை, மாப்பிள்ளை இல்லாமல்.

மண்டியில் லோக்சபாவுக்கு மறுநாளே வேலை போனது. நாங்கள் பதினைந்து பேரும் சுளகைத் தொடவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் முதலாளியே ஆள் அனுப்பி, "அந்தக் கிறுக்கனக் கொண்டாங்கடா" என்றார்.

அந்தப் பார்லிமெண்டைக் கலைத்த வருஷம் லோக்சபா சீட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பெட்டியில் போட்டார். அடுத்ததற்குச் சீட்டு எழுதவில்லை. "நமக்கு ஒரு சபை போதும்த்தா. அதுல ஒரு காரியம் முடிஞ்சிருச்சு" என்றார். அதே வருஷம் நானே பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டேன். வேறு பெண்சாதி இல்லை என்று அவரை மூன்று தரம் சொல்ல வைத்த பிறகுதான் லோக்சபா பந்தியில் உட்கார்ந்தார்.

அண்ணே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூத்தவன் பிறந்ததிலிருந்து அவனை மடியைவிட்டு இறக்காதவன் நீ. மைக்கில் அவன் பெயரை வாய் நிறையச் சொன்னாய். அந்தப் பெயர் நம் வம்சத்தில் யாருக்கும் கிடையாது. அது யாருடைய பெயர், நான் ஏன் அதைத் தேடிப்போய் வைத்தேன் என்று நீ இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. இப்போது தெரிந்திருக்கும். நான் இங்கே எழுதப்போவதில்லை. நீ எழுது, இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கிற மாதிரி: உன் தங்கச்சி கல்யாணத்தை நிறுத்திய அந்த மனுஷனின் பெயர் என்ன?