ஐம்பது ஜோடிச் செருப்பும் ஒரு வெள்ளை விரிப்பும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஐம்பது பேராவது என்னைச் செருப்புத் திருடன் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அபாண்டம். நான் ஒற்றைச் செருப்பைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. எடுத்ததெல்லாம் போட்டோ மட்டும்தான்.

என் மகள் பூர்ணிக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. தாம்பரத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம், "ஒரே மாதிரி இருக்கிற ரெண்டை ஜோடி சேர்க்கிற விளையாட்டு ஒண்ணு வீட்டிலேயே செஞ்சு கொடுங்க சார்" என்றார். நான் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். இடது வலது பார்த்து ஜோடி சேர்ப்பதுதான் என் பிழைப்பே. எனக்கா தெரியாது? (அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.)

இணையத்திலிருந்து யானை, ஆப்பிள், ஒட்டகச்சிவிங்கி என்று நாற்பது படம் இறக்கி, லேமினேஷன் போட்டு, குத்தக் கூடாதென்று மூலைகளை வளைத்து வெட்டி, பெருமையாக நீட்டினேன். பூர்ணி ஒட்டகச்சிவிங்கியைக் கடித்துப் பார்த்தாள். மீதி முப்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"அவ ஒட்டகச்சிவிங்கியை எங்க சார் பாத்திருக்கா?" என்று மேடம் கேட்டார்.

"வண்டலூர் ஜூவுல மேடம்."

"தெனமும் பாக்குற பொருளா எடுங்க சார். டம்ளர், சாக்ஸ், செருப்பு..."

செருப்பு என்ற சொல் மண்டைக்குள் ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி கவிதாவோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சர், புது ஃபிளாட்டில் ஜெபம் வைத்துக் குடியேறினார். குடும்பத்தோடு போனோம். முதல் மாடியில் மைக் வைத்துப் பாட்டு. பூர்ணிக்கு அந்தச் சத்தம் ஆகாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"நீங்க இவளைக் கூட்டிட்டுக் கீழ இருங்க. எதையும் தொடாம பாத்துக்கோங்க" என்றாள் கவிதா. அவள் பூர்ணியைத்தான் சொன்னாள்.

கீழே, கார் நிறுத்தும் இடத்தில், படிக்கட்டை ஒட்டி ஐம்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. எனக்கு அது புதையல். பூர்ணியைக் கடைசிப் படியில் உட்கார வைத்துவிட்டு போனை எடுத்தேன். தரையில் வைத்து எடுத்தால் படம் தெளிவாக இல்லை. சுற்றிப் பார்த்தேன். சற்றுத் தள்ளி ஒரு நீள மேசை, அதன் மேல் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, நல்ல வெளிச்சம். அது எதற்கான மேசை என்று யோசித்தேனா? இல்லை. கம்பெனி முறைப்படி இடது கால்களையெல்லாம் மேசை மேல் வரிசையாக வைத்தேன். வலது கால்களைத் தூணோரம் குவித்தேன். முதலில் இடது, பிறகு வலது. முறை என்றால் முறை.

முப்பதாவது படம் எடுக்கும்போது சமையல்காரர் பெரிய அண்டாவோடு வந்தார்.

"யோவ், இன்னாயா பண்ணிக்கினு கீற? பிரியாணி வெக்கிற டேபிளுயா அது!"

"மன்னிச்சுக்கோங்கண்ணா... என் பொண்ணு வெளையாடறதுக்குத்தான்..."

அவர் படியைப் பார்த்தார். "பொண்ணு கம்முனு குந்திக்கினு கீது. நீதான்யா வெளாடிக்கினு கீற!"

அந்த நேரம் பார்த்து மேலே ஜெபம் முடிந்தது. ஐம்பது பேர் பசியோடு இறங்கி வந்தார்கள். முன்னால் பாஸ்டர். மேசையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்க கையில இருக்கறது என்னோட ஷூ."

பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் பூர்ணி கத்தினால், நான்தான் நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்பேன். அன்றைக்கு எனக்காக யார் கேட்பது? ஸ்டெல்லா டீச்சருக்குப் பின்னால் நின்ற கவிதா, என்னைத் தெரியாதவள் போலச் சுவரைப் பார்த்தாள்.

பூர்ணி எழுந்து வந்தாள். என் கையிலிருந்த ஷூவைப் பிடுங்கினாள். தூணோரக் குவியலில் தேடி, அதன் ஜோடியை எடுத்து, இரண்டையும் பாஸ்டரின் காலடியில் ஒட்டி வைத்தாள்.

"சேம்" என்றாள்.

மூன்று மாதமாக மேடம் சொல்லிக்கொடுத்து வாயில் வராத சொல். கவிதா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பூர்ணி அடுத்து ஒரு பச்சைச் செருப்பு, ஒரு குழந்தை ஷூ என்று பதினொரு ஜோடி சேர்த்தாள். பிறகு அலுத்துப்போய் கேட்டை ஆட்டப் போய்விட்டாள்.

மிச்சத்துக்குப் பெரியவர்கள்தான் அடித்துக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்தில் ஒருவர் இரண்டும் இடது காலாகப் போட்டுக்கொண்டு பொத்தேரி வரை போய்விட்டார். விரிப்பைத் திருப்பிப் போட்டு பிரியாணி பரிமாறினார்கள். எனக்கு லெக் பீஸ் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் ஒரு கூடை நிறையப் பழைய செருப்பு இருக்கிறது. பூர்ணிக்குப் பிடித்த விளையாட்டு அதுதான். கவிதா வேலை பார்க்கும் பள்ளியில் யாராவது விசேஷ அழைப்பு வைத்தால், "சாரும் வரலாம், அவரைக் கீழ தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

போன மாதம் பூர்ணியின் பிறந்த நாளுக்கு பாஸ்டர் வந்திருந்தார். வாசலில் ஷூவைக் கழற்றினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, மடியில் வைத்தபடியே கேக் சாப்பிட்டார்.