முதுகு நிமிராத கெண்டைகள்

வலையில் சிக்கிய நாலு கெண்டையும் முதுகு வளைந்து கிடந்தன.

"இன்னாயா இது, கதிரருவா மாதிரி இருக்குது?" என்றாள் மனைவி ரஞ்சிதம்.

வேடியப்பனுக்குத் திக்கென்றது. நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைக்கிற நிலத்தை வெட்டி மீன்குட்டை ஆக்கியவன் அவன் ஒருவன்தான். மலையில மீனா என்று சிரித்தவர்களிடம், பொங்கலுக்குப் பிறகு வரும் கரிநாளுக்கு வீட்டுக்கு ஒரு மீன் என்று வாக்கு வேறு கொடுத்திருந்தான்.

சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி, ஆலங்காயத்துத் தீவனக்கடை விஜயராஜுக்குப் போன் போட்டான்.

"தீனி இன்னா போடறீங்க?"

"தவுடு, கடலைப் புண்ணாக்கு."

"அதாங்க. எலும்புக்குச் சத்தே இல்ல. கால்சியம் குடுங்க."

கால்சியம் வீட்டிலேயே இருந்தது. ரஞ்சிதத்தின் முட்டிவலிக்கு நர்சு கொடுத்த மாத்திரைகள்.

"எடுத்துக்கோ. நான் நொண்டினா எவனும் சிரிக்கமாட்டான். உன் மீனு நொண்டினாத்தான் சிரிப்பானுங்க."

அதை அவன் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டான். மாத்திரைகளை இடித்துத் தவிட்டில் பிசைந்தான். போதாது என்று தோன்றவே சுண்ணாம்பும் கலந்தான். பத்தே நாளில் மீன்கள் தீனியைக் கண்டாலே திரும்பிப் போயின.

மறுபடியும் பாறை.

"கால்சியத்த மீனு தண்ணியிலேர்ந்தே இழுத்துக்கும்ங்க. தீனியில வரவேண்டியது பாஸ்பரஸ். சுண்ணாம்பு மிஞ்சினா அதுவும் உடம்புல ஒட்டாது."

"நீங்கதானே குடுக்கச் சொன்னீங்க?"

"கொஞ்சமா குடுங்கன்னு சொன்னேன்."

அப்படி அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் வேடியப்பன் மலையிறங்கிப் போய், பாஸ்பரஸுக்காக, மாட்டுக்கு வைக்கிற தாது உப்பு ஒரு மூட்டை வாங்கினான். ஜீப் வரவில்லை. தோளில் சுமந்தே மலையேறினான். அளவு கேட்கப் பாறைக்குப் போனால் அன்றைக்குச் சிக்னலும் இல்லை. கை போன அளவுக்குக் குட்டையில் அள்ளிப் போட்டான்.

ஒரே வாரத்தில் பாசி பெருகித் தண்ணீர் பெயிண்ட் கரைத்த மாதிரி பச்சையானது. அடுத்த நாள் விடியலில் மீன்கள் மூச்சுக்காக மேலே வந்து வாயைப் பிளந்தன. வெயில் ஏறுவதற்குள் பாதி செத்து மிதந்தன.

ரஞ்சிதம் நொண்டிக்கொண்டே குட்டையில் இறங்கினாள்.

"நீ ஏறுடி, நான் பொறுக்கறேன்."

"என் மாத்திரைய தின்ன மீனுய்யா. நானே எடுக்கறேன்."

அவன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இப்போது அவனுடைய முதுகும் வளைந்துதான் இருந்தது.

மிச்ச மீனை விற்கக் கீழே கொண்டுபோக வந்த ஜீப் டிரைவர் கிருஷ்ணன் கூடையை எட்டிப் பார்த்தான். முதலில் மீன்பண்ணையிலிருந்து மீன்குஞ்சு ஏற்றி வந்தவனும் அவன்தான்.

"என் கையாலயே கொன்னுட்டேன் கிருஷ்ணா. ஒரு தீனி ஒழுங்கா போடத் தெரியல எனக்கு."

"அட, நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க? ஏத்தும்போதே குஞ்செல்லாம் வளைஞ்சுதான் இருந்துச்சு. நான்கூடக் கேட்டேன். மலைக்குத்தானே போவுது, இது போதும்னு பண்ணையில சொன்னாங்க."